ஒரு தேதியின் இருபுறமும்



ஓய்வூதியம் அரசு மனமிரங்கி அளிக்கும் கொடையன்று, ஊழியரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே கூறிவிட்டது. ஆயினும் அவ்வுரிமையின் வலிமை 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கின் தீர்ப்பிலேதான் முழுமையாகப் புலப்பட்டது.

மத்திய அரசு 1979-ல் ஓய்வூதிய விதிகளைத் தாராளமாக்கியது. இறுதி 36 மாதங்களின் சராசரி ஊதியத்திற்குப் பதிலாக 10 மாதச் சராசரி அடிப்படையாயிற்று. பணியின் கடைசி ஆண்டுகளிலும் ஊதியம் ஏறிக்கொண்டே வருவதால் இதில் நன்மை மிகுதி. ஆனால் மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றோருக்கு அது கிட்டவில்லை. பிப்ரவரி இறுதியில் ஓய்வு பெற்றவர் பழைய கணக்கில். மார்ச் இறுதியில் பெற்றவர் புதிய கணக்கில். கடையில் அரிசி விலையோ இருவருக்கும் ஒன்றே!

ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு திட்டத்தைத் தள்ளவில்லை. சமத்துவம் பேசும் 14-ஆவது பிரிவுக்கு முரணான அந்தத் தேதிப் பாகுபாட்டை மட்டும் நீக்கியது. அத்தேதிக்கு முந்தைய காலத்திற்கு நிலுவை இல்லை என்றும் வரையறுத்தது. பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் இவ்வரையறையை நான் பெரிதும் மதிக்கிறேன். கருவூலத்தின் கவலையும் அங்கே கேட்கப்பட்டது.

வருங்கால வைப்பு நிதி பெற்று ஓய்வடைந்த ரயில்வே ஊழியருக்கு, 1990-ல், இவ்வாதம் பயன்படவில்லை. அவர்கள் கணக்கு ஓய்வு நாளிலேயே தீர்ந்துவிடுகிறது என்றது நீதிமன்றம்.