எஞ்சின் எண்ணெயும் சிக்கனமும்



மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கி வருவோர், கல்லடியையும் நாவற்குடாவையும் தாண்டிச் சிறிது தூரத்தில் காத்தான்குடியை அடைவர். கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலத்தில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் நெருங்கி நிற்கும் ஊர் அது. பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் அதன் பிரதான வீதியில் அதிகாலையில் நின்று பார்த்தால், மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் சரக்கேற்றும் சிறு லொறிகளும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புறப்படுவதைக் காணலாம். அந்த எஞ்சின் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியச் செய்கிறது என்றால் அது மிகையாகாது. அந்த எஞ்சினைக் காக்கின்ற எண்ணெயைப் பற்றியே, நாம் பேச்சு வழக்கில் 'ஒயில்' என்று சொல்லுகின்ற அந்த எண்ணெயைப் பற்றியே, இன்று தங்களுடன் உரையாட விரும்புகிறேன்.

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. எஞ்சின் எண்ணெய்க்கு வேண்டிய அடிப்படை எண்ணெய் கடல் கடந்து வருவதாதலின், அதன் விலையும் உடன் உயர்ந்தது. பெற்றோலுக்கோ நாட்கணக்கில் வரிசை. பின்னர் கியூஆர் அட்டை வந்தது. முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்ற பங்கீடும் வந்தது.

அக்காலத்தில் என் அயலவர் ஒருவர் தமது முச்சக்கர வண்டியின் எண்ணெயை மாற்ற வேண்டிய நாளைத் தள்ளிக்கொண்டே போனார். நான் நினைவூட்டியபோது, "பெற்றோலே இல்லாத காலத்தில் ஒயிலுக்கு என்ன அவசரம், காக்கா?" என்று சிரித்தார். சில மாதங்கள் சென்று, நகருக்குப் பயணி ஒருவரை ஏற்றிச் சென்ற வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கராஜில் அடித்திருகைக் கழற்றியபோது வடிந்த எண்ணெய் ஒரு தேநீர்க் கோப்பையளவுதான் இருந்தது. பிஸ்டனும் சிலிண்டரும் பழுது. உதிரிப்பாகம் வந்து சேரும்வரை வண்டி வீட்டு முற்றத்தில் நின்றது. வீட்டு நகை அடகுக் கடைக்குச் சென்றது.

இதற்கு நேர்மாறான ஒருவரும் எங்கள் உறவினருள் உண்டு. அவரது மோட்டார் சைக்கிள் மாதத்துக்கு 300 கிலோமீற்றர்கூட ஓடுவதில்லை. எனினும் மாதந்தோறும் எண்ணெய் மாற்றினால்தான் அவருக்கு நித்திரை வரும். "எண்ணெய் கறுத்துவிட்டது, மாற்ற வேண்டாமா?" என்பது அவர் கேள்வி.

நேயர்களே! இவ்விருவருமே பணத்தை இழந்தவர்கள். முன்னவர் மொத்தமாக இழந்தார். பின்னவர் சில்லறையாக இழக்கிறார். இருவருக்கும் குறைவாயிருந்தது பணமன்று. தம் எஞ்சினைப் பற்றிய அறிவே.

எண்ணெய் எஞ்சினுள் என்ன செய்கிறது என்பதை முதலிற் காண்போம். உலோகமும் உலோகமும் நேரே உராயாதபடி இடையில் மெல்லிய படலமாய் நிற்பது அதன் முதற் பணி. உட்பகுதியின் வெப்பத்தை ஏந்தி வெளியே கொணர்வது இரண்டாவது. கரியையும் தூளையும் தன்னுள் ஏந்தி, அவை எங்கும் படியாமற் காப்பது மூன்றாவது. துருவையும் அமிலத்தையும் தடுப்பது நான்காவது. இப்பணிகளுக்காகவே எண்ணெயிற் பல இரசாயனப் பொருள்களைச் சேர்க்கின்றனர். எண்ணெய் 'பழுதாயிற்று' என்பதன் பொருள், பெரும்பாலும் இச்சேர்க்கைப் பொருள்கள் செலவழிந்துவிட்டன என்பதும், அழுக்கை ஏந்தும் ஆற்றல் நிறைந்துவிட்டது என்பதுமாம்.

ஆகவே எண்ணெய் கறுத்திருப்பது மட்டும் குற்றமன்று. அழுக்கைத் துடைத்த துணி கறுப்பது போல, கரியை ஏந்திய எண்ணெய் கறுக்கிறது. டீசல் எஞ்சினிற் புதிய எண்ணெயும் சில நாட்களிற் கறுத்துவிடும். அஞ்சத்தக்க அடையாளங்கள் வேறு. எண்ணெய் பாலாடை போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. பெற்றோல் மணம் வீசினால் எரிபொருள் இறங்கியுள்ளது. விரலிடையே தேய்க்கையில் மணல் போல் உறுத்தினால் தூளோ உலோகமோ சேர்ந்துள்ளது. இவற்றுள் எது தோன்றினும் எண்ணெயை மாற்றினால் மட்டும் போதாது. காரணத்தையும் தேட வேண்டும்.

இனி, எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றுவது? இக்கேள்விக்கு எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில், சேர்க்கைப் பொருள் எதுவுமற்ற எண்ணெயை ஆயிரம் மைலுக்குள்ளேயே மாற்ற வேண்டியிருந்தது. பின்னர் அமெரிக்காவில் 3000 மைல் என்பது வேதவாக்குப் போல் நிலைத்தது. எண்ணெயும் எஞ்சினும் திருந்திய பின்னரும் அவ்வெண் மட்டும் திருந்தவில்லை. கலிபோர்னியா மாநில அரசின் மீள்சுழற்சித் திணைக்களமே முன்வந்து, பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு நல்ல எண்ணெயை வீணே கொட்டாதீர்கள், உங்கள் வண்டிக்கு உரிய எண்ணைக் கையேட்டிற் பாருங்கள் என்று மக்களுக்குப் பிரசாரம் செய்தது. இன்று பல கார்களின் கையேடுகள் 5000 மைலுக்கும் 10,000 மைலுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கூறுகின்றன. சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கு 3000 முதல் 6000 கிலோமீற்றர்வரை எனக் கூறுவன பல.

ஆனால் கையேட்டில் இரண்டு கணக்குகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று தூரக் கணக்கு. மற்றது மாதக் கணக்கு. இவற்றுள் எது முன்னே வருகிறதோ அதுவே நமக்கு உரியது. அன்றியும், கடுமையான பாவனைக்குத் தவணையைக் குறைக்குமாறு கையேடுகள் சொல்லும். கடுமையான பாவனை என்றவுடன் மலையேறும் லொறியை நாம் நினைக்கிறோம். காத்தான்குடியின் உள்வீதிகளில் ஓடுகின்ற மோட்டார் சைக்கிளும் அவ்வகையைச் சேர்ந்ததே என்றால் வியப்பாயிருக்கும்.

காரணத்தைச் சொல்கிறேன். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாய் உண்டாகிறது. அதிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறுபகுதி எஞ்சினுள் இறங்கும். நெடுந்தூரம் ஓடினால் எண்ணெய் நன்கு சூடேறி அந்நீரை ஆவியாக்கி வெளியேற்றும். வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து பள்ளிவாசலுக்கும், பாடசாலை வாயிலுக்கும் என ஒவ்வொரு கிலோமீற்றராய் ஓடி நிற்கின்ற வண்டியில் அதற்கு நேரம் ஏது? நீர் எண்ணெயிலேயே தங்கி அமிலத்தை வளர்க்கும். போதாக்குறைக்குக் கடற்கரை மணலும் காற்றோடு வரும். அதைத் தடுக்க வேண்டிய காற்று வடிகட்டி அழுக்கேறிக் கிடந்தால், எண்ணெயை எத்தனை முறை மாற்றியும் பயனில்லை. வரிசையில் நின்று எஞ்சினை ஓடவிட்டு அடியடியாய் நகர்த்திய மணித்தியாலங்களும் தூரமானியில் ஏறுவதில்லை. எண்ணெய் மட்டும் உழைத்துக்கொண்டேயிருக்கும்.

ஆகவே என் உறவினரைப் போல் மாதம் 300 கிலோமீற்றர் ஓடுபவர், கிலோமீற்றரை விட்டு மாதத்தைக் கணக்கிடுவதே முறை. கையேட்டில் உள்ள மாதத் தவணைப்படி, 6 மாதமாயினும் ஓர் ஆண்டாயினும், அதற்கேற்ப மாற்றினால் போதும். குறும்பயணமே மிகுதியாயின் அதனைச் சற்று முன்தள்ளலாம். ஆண்டுக்கு 12 முறை வேண்டியதில்லை.

வாடகைக்கு ஓடும் முச்சக்கர வண்டிக்கு வேறு கணக்கு. நாளொன்றுக்கு 80 கிலோமீற்றர், மாதம் 25 நாட்கள் என்று கொள்வோம். மாதம் 2000, ஆண்டுக்கு 24,000 கிலோமீற்றர். 2000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றினால் ஆண்டுக்கு 12 முறை. கையேடு இடங்கொடுக்குமாயின், 4000க்கு ஒரு முறை மாற்றினால் 6 முறை. ஒரு முறைக்கு 2500 ரூபா என வைத்துக்கொண்டால் மிச்சம் 15,000 ரூபா. இது நியாயமான மிச்சம். அதோடு நில்லாமல், 4000ஐ 8000 ஆக நீட்டினால் மேலும் கிடைப்பது ஆண்டுக்கு 7500 ரூபா. உழைக்கும் நாளொன்றுக்கு 25 ரூபா. அந்த 25 ரூபாவுக்காக எஞ்சினையே பணயம் வைப்பது சிக்கனமா என்பதைத் தாங்களே தீர்மானியுங்கள்.

எந்த எண்ணெயை வாங்குவது என்பது அடுத்த கேள்வி. விலை உயர்ந்தது எல்லாம் நம் வண்டிக்கு உகந்ததன்று. பீப்பாயின்மேல் 20 டபிள்யூ 40, 10 டபிள்யூ 30 என்று பொறித்திருப்பது எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும். முன்னெண் குளிரில் அது ஓடும் தன்மையையும், பின்னெண் சூட்டில் அதன் தடிப்பையும் காட்டும். கையேடு சொல்லும் எண்களையே வாங்குக. ஏபிஐ என்ற குறியீட்டின் பின் வரும் எழுத்துகள் தரத்தைக் காட்டும். பெற்றோல் எஞ்சினுக்கு 'எஸ்' எழுத்தும், டீசல் எஞ்சினுக்கு 'சி' எழுத்தும் முதலில் நிற்கும். மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றின் கிளச் அதே எண்ணெயில் நனைந்தே வேலை செய்கிறது. ஆதலின், அவற்றுக்கு ஜாசோ எம்ஏ என்ற குறியுள்ள எண்ணெய் வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று கார் எண்ணெயை ஊற்றினால் கிளச் வழுக்கக்கூடும். முத்திரை உடைந்த போத்தலையும், பெயர் தெரியாத சில்லறை எண்ணெயையும் வாங்காதிருப்பதே பெரிய சிக்கனம். ஒரே வகை வண்டி வைத்திருக்கும் அயலவர் சிலர் சேர்ந்து பெரிய கலன் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதும் நன்று.

இவை எல்லாவற்றிலும் மேலானதும், ஒரு சதமும் செலவில்லாததுமான வழி ஒன்றுண்டு. வாரத்துக்கு ஒரு முறை வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்து, எண்ணெயின் மட்டத்தை அளவுகோலிற் பார்ப்பதே அது. சிறு மோட்டார் சைக்கிள் எஞ்சினுள் ஏறத்தாழ ஒரு லீற்றர் எண்ணெயே இருக்கும். அதிற் கால் லீற்றர் கசிந்தோ எரிந்தோ குறைந்தால் நாற்பங்கில் ஒரு பங்கு போயிற்று. என் அயலவரின் எஞ்சினைக் கொன்றது எண்ணெயின் முதுமையன்று, அதன் பஞ்சமே. வாரம் ஒரு முறை பார்த்திருந்தால், அரைப் போத்தல் எண்ணெயோடு துன்பம் தீர்ந்திருக்கும்.

இறுதியாக, வடித்த எண்ணெயை என்ன செய்கிறோம்? மணலில் ஊற்றுகிறோம், வடிகானில் விடுகிறோம். ஒரு கலன் கழிவெண்ணெய் பத்து லட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கூறுகிறது. நம் ஊர் மணல் நீரை உறிஞ்சுவது போலவே எண்ணெயையும் உறிஞ்சும். அதே மணலில்தான் நம் கிணறுகள் இருக்கின்றன. வடிகானின் வழி சென்றால் வாவி. பாடும் மீன்களுக்குப் பெயர்பெற்ற அவ்வாவியில் வலை வீசி வாழ்வோரின் பிழைப்பை, நம் பிழைப்புக்காகக் கெடுக்கலாமா? வடித்த எண்ணெயைப் பழைய கலனில் நிரப்பி மூடி, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப் பத்திரம் பெற்றுக் கழிவெண்ணெய் சேகரிப்போரிடம் கொடுக்கும் கராஜில் ஒப்படையுங்கள். தவணையறிந்து மாற்றுவோரிடம் கழிவும் குறைவாயிருக்கும் என்பதை மறவாதீர்கள்.

நேயர்களே! என் அயலவரின் வண்டி மறுபடி ஓடுகிறது, நகையும் மீண்டுவிட்டது. அவரது வண்டியின் முன்பெட்டியில் இப்போது ஒரு சிறு குறிப்புப் புத்தகம் இருக்கிறது. எண்ணெய் மாற்றிய திகதி, அன்றைய கிலோமீற்றர், இடையில் ஊற்றிய அளவு ஆகிய மூன்றையும் அதில் எழுதி வருகிறார். சென்ற மாதம் அதைத் திறந்து காட்டி, "இனி நீங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை, காக்கா" என்றார். அப்புத்தகத்தின் விலை ஒரு போத்தல் எண்ணெயின் விலையிற் பத்தில் ஒரு பங்குகூட இராது. தங்கள் வண்டியிலும் அப்படியொன்றை வைத்துக்கொள்ளுமாறு கேட்டு விடைபெறுகிறேன்.