காணியும் காவலும்

சித்தூருக்கு அண்மையில், பாகுதா ஆற்றங்கரையில் உள்ளது காணிப்பாக்கம். அங்குக் கோயில் கொண்டுள்ள வரசித்தி விநாயகரின் தலவரலாற்றைத் தென்னாட்டார் பலரும் அறிவர். பார்வையற்றவர் ஒருவர், பேச்சற்றவர் ஒருவர், செவிப்புலன் அற்றவர் ஒருவர் என உடன்பிறந்தார் மூவர், தமக்கிருந்த காணி நிலத்தை உழுது வாழ்ந்தனர். கிணறு வற்றியது. அதனை ஆழப்படுத்தத் தோண்டியபோது விநாயகர் திருவுரு வெளிப்பட்டது. மூவர் குறையும் நீங்கிற்று. அடியார்கள் உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி அளவுக்குப் பரவிற்று. ஊரின் பெயரும் இதனால் அமைந்தது என்பர்.

இன்று அவ்வட்டாரத்தில் கிணறு தோண்டுவோர் காண்பது வேறு. இராயலசீமை இயல்பாகவே மழை குறைந்த நிலம். ஏரிகள் தூர்ந்தபின் ஆழ்துளைக் கிணறே உழவர்க்குத் துணையாயிற்று. ஆயிரம் அடி துளைத்தும் நீர் காணாத இடங்கள் சித்தூர்ச் சீமையில் உண்டு. மறுபுறம், 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் சுவர்ணமுகி பெருக்கெடுத்தது. திருப்பதியின் தெருக்களில் வெள்ளம் பாய்ந்தது. ஒரு மழைக்கு ஒரே காரணம் கூறுதல் பொருந்தாது. ஆயினும், காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயருமானால் அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு கூடும் என்பது அறிவியல் உண்மை. கைத்தொழிற் புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததே இதற்குத் தலையாய காரணம்.

இந்நெருக்கடிக்குக் கிறித்துவ இறையியல் கூறும் விடை யாது? இதனை வினவுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 1967-இல் லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், இயற்கையை மனிதன் தன் விருப்பம்போல் ஆளலாம் என்ற எண்ணத்தை மேலைக் கிறித்துவமே வளர்த்தது எனக் குற்றம் சாட்டினார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு அளிக்கப்பட்ட ஆளுகை அக்குற்றச்சாட்டின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

ஆனால் அதற்கு ஆறாண்டுகள் முன்னரே நம் நாட்டிலேயே ஒரு குரல் எழுந்தது. 1961-இல் புது தில்லியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவையில் ஜோசப் சிட்லர் என்ற லுத்தரன் இறையியலாளர் உரையாற்றினார். மீட்பு மனித ஆன்மாவுக்கு மட்டும் உரியதன்று, படைப்பு முழுவதும் அதில் அடங்கும் என்பது அவர் உரையின் சாரம். அன்று அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. பிற்காலத்தில் சூழலியல் இறையியலின் தொடக்கங்களுள் ஒன்றாக அது மதிக்கப்பெற்றது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்போன்றோர்க்கு இவ்வழக்கில் இரண்டு எபிரேயச் சொற்கள் முக்கியமாகத் தோன்றுகின்றன. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் தோட்டத்தில் வைக்கப்படுகிறான். அங்கே அவன் பணியைக் குறிக்கும் முதற்சொல் ‘அவத்’. உழுதல் என்றும் ஊழியம் செய்தல் என்றும் அது பொருள்படும். அடுத்த சொல் ‘ஷமர்’. அதன் பொருள் காத்தல். இறைவன் தன் மக்களைக் காப்பதைக் கூறுமிடத்தும் அதே சொல்லே வருகிறது. ஆகவே, முதல் அதிகாரத்தின் ஆளுகையை இரண்டாம் அதிகாரத்தின் ஊழியத்தோடு சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும் என்பர் இக்கால இறையியலாளர்.

லேவியராகமம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. நிலம் இறைவனுடையது, மக்கள் அதில் தங்கிச் செல்லும் அயலாரே, ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு தரவேண்டும் என்பது அதன் விதி. தமிழில் காணி என்பது ஓர் அளவின் பெயர் மட்டுமன்று. வழிவழி வந்த உரிமையின் பெயருமாகும். அவ்வுரிமையை இவ்விதி மறுக்கவில்லை. அதற்கு எல்லை வகுக்கிறது. காணியாளன் காவலனே அன்றி முழுமுதல் உடையவன் அல்லன்.

2015-இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ என்ற சுற்றுமடல், பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் வேறுவேறல்ல என்று வலியுறுத்திற்று. மிகுதியாக எரித்தவர் ஒருவர், மிகுதியாக வாடுபவர் மற்றொருவர் என்பதே இதிலுள்ள அநீதி. உலகத் திருச்சபைகள் மன்றம் நிலக்கரி, எண்ணெய்த் தொழில்களில் தன் நிதியை இடுவதில்லை என 2014-இல் முடிவு செய்தது. உண்டியலுக்கும் உபதேசத்துக்கும் உறவு வேண்டும் என்பதை அம்முடிவு ஒப்புக்கொண்டது. ஆயினும் உபதேசம் பெருகிய அளவுக்குப் புகை குறையவில்லை என்பதையும் நாம் மறைத்தற்கில்லை.

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கு ஊரில் ஒரு காணியோ அரைக்காணியோ இன்னும் உண்டு. குத்தகைப் பணம் மட்டும் ஆண்டுதோறும் வந்து சேர்கிறது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது நிலத்தின் விலையை விசாரிப்பது வழக்கம். இனி, அயல் நிலத்தானின் கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் கேட்போம். ஏரிக்கு நீர் வரும் கால்வாய் நம் வரப்பால் அடைபட்டுள்ளதா என்று பார்ப்போம். எச்சமயத்தவராயினும் காவலுக்கு அது நல்ல தொடக்கம்.