திறவுகோல் யார் கையில்?



மலாக்காத் தோட்டங்களில் பால்மரம் செம்பனையாக மாறியது. மக்களோ ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கமும் அதற்கப்பாலும் பெயர்ந்தனர். பழைய தோட்டப் பள்ளியின் ஆண்டிதழ், திருவிழாப் படம், மாணவர் பதிவேடு ஆகியவை இன்று ஏதோ ஒரு கணினியில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். பிணைப்பணம் கேட்கும் நச்சுநிரல் அக்கணினியைப் பூட்டிவிட்டால் மீட்க வழியுண்டா?

2025 மார்ச் மாதம் மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கியோர் 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டனர். பிரதமர் அன்வார் இப்ராஹிம் மறுத்துவிட்டார். பள்ளியில் ஏது பணம் என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. 2017 மே 12இல் பரவிய வானாகிரை, ஒரு கணினிக்கு 300 டாலர்தான் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது என்பதுதான் வருத்தம்.

பூட்டும் முறையைக் கோயில் உண்டியலோடு ஒப்பிடலாம். காசு போட எவராலும் இயலும். திறக்கும் சாவியோ ஒருவரிடமே உண்டு. நச்சுநிரல் கோப்புகளைப் புதிய சாவிகளால் பூட்டி, அச்சாவிகளை அத்தகைய உண்டியலில் போட்டுவிடுகிறது. உண்டியலின் சாவி திருடனிடம். கணக்குப் போட்டு அதைக் கண்டுபிடிக்க இன்றைய கணினிகளால் இயலாது.

ஆனால் திருடரும் தவறு செய்வர். 1989இல் நெகிழ்வட்டுகளில் அஞ்சல்வழி வந்த முதல் பிணைநிரல், பூட்டையும் சாவியையும் தன்னுள்ளேயே வைத்திருந்தது. ஆய்வாளர் எளிதில் மீட்டனர். வானாகிரை சாவியை உருவாக்கப் பயன்படுத்திய பகா எண்கள், பழைய விண்டோஸ் சிலவற்றில் நினைவகத்திலேயே தங்கிவிட்டன. பிரெஞ்சு ஆய்வாளர் அத்ரியன் கினே அவற்றைத் தேடியெடுக்கும் கருவியை எழுதினார். கணினியை அணைத்தவர்களுக்கோ அது உதவவில்லை. அணைத்தால் நினைவகம் துடைக்கப்பட்டுவிடும்.

ஆகவே தாக்குதல் தெரிந்தவுடன் இணையக் கம்பியைக் கழற்றுங்கள், அருகலையை நிறுத்துங்கள். பதற்றத்தில் கணினியை அணைக்காமல் சைபர்999 சேவையை நாடுங்கள். விண்டோஸ் வைத்திருக்கும் நிழற்படிகளை நம்ப வேண்டாம். நச்சுநிரல் பெரும்பாலும் அவற்றைத்தான் முதலில் அழிக்கும். செருகியே வைத்திருக்கும் வெளிவட்டும் சேர்ந்து பூட்டப்படும். படியெடுத்தபின் கழற்றி அலமாரியில் வைத்த வட்டே பிழைக்கும்.

பூட்டிய கோப்புகளையும் அழித்துவிடாதீர்கள். 2016 மே மாதம் டெஸ்லாகிரிப்ட் கும்பல் தொழிலைக் கைவிட்டு, மன்னிப்பும் கேட்டுத் தலைமைச் சாவியைத் தானே வெளியிட்டது. கோப்புகளை அதுவரை வைத்திருந்தவர்களுக்கே அச்சாவி பயன்பட்டது.