ஊசி முனையிற் பிறந்த குரல்

கலையென்றதும் தூரிகையும் உளியுமே பலர் நினைவில் எழுகின்றன. பகலெல்லாம் உழைத்துக் களைத்த கைகள் இரவில் எடுக்கும் ஊசியும் நூலும் கலைக்கருவிகளாக எண்ணப்படுவதில்லை. ஆயினும், தமக்குரிய குரலை ஊசி முனையிலே கண்டெடுத்த பெண்மணியொருவரின் வரலாறு அமெரிக்க நாட்டில் உண்டு. அவர் பெயர் ஹரியற் பவர்ஸ்.

1837ஆம் ஆண்டில் ஜோர்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் என்னும் ஊரின் அருகே அடிமையாகப் பிறந்தவர் அவர். உள்நாட்டுப் போரின் முடிவிலேதான் அவருக்கு விடுதலை கிட்டியது. அந்நாட்டுப் பெண்கள் துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு பரப்பி, அடியிலே வேறொரு துணியிட்டு, மூன்றும் பிரியாவண்ணம் தைத்துக் குளிர்காலப் போர்வை செய்வர். சதுரம், முக்கோணம், நட்சத்திரம் எனத் தாய் கற்பித்த கோலங்களையே மகளும் தைப்பது பெருவழக்கு.

ஹரியற் பவர்ஸ் அவ்வழக்கோடு நின்றுவிடவில்லை. 1886இல் ஏதென்சில் நடைபெற்ற பருத்திக் கண்காட்சியில் அவர் வைத்த போர்வையிலே பதினொரு வேதாகமக் காட்சிகள் இருந்தன. மனிதரையும் விலங்குகளையும் விண்மீன்களையும் துணியிலே வெட்டி, மற்றொரு துணியின்மேல் வைத்துத் தைத்திருந்தார். ஏதேன் தோட்டத்திலே யானையும் ஒட்டகமும் தீக்கோழியும் நின்றன. ஆனால், அவற்றுள் கால்களோடு காட்டப்பட்டது கால்களே இல்லாத பிராணியாகிய பாம்பு ஒன்றுதான்! இதனைப் பிழையென்று சொல்லிவிடலாமோ? மண்ணில் ஊர்ந்து திரியும் சாபம் ஏவாளை வஞ்சித்த பின்னரே பாம்புக்கு வந்ததென்பது வேதாகமக் கதை. அக்கதையை உற்று நோக்குவோர்க்கு அந்தக் கால்கள் பொருளற்றவையாகத் தோன்றமாட்டா.

கண்காட்சியிலே அப்போர்வையைக் கண்டு வியந்தவர் ஜெனி சிமித் என்னும் சித்திர ஆசிரியை. விலைக்குக் கேட்டபோது, எவ்விலைக்கும் தருவதற்கில்லை என்றார் ஹரியற். சில ஆண்டுகள் கழிந்தன. வறுமை வந்தது. கணவரும் விற்றுவிடுமாறு கூறவே, போர்வையைத் துணியிற் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு, மாட்டு வண்டியில் ஆசிரியையின் இல்லத்துக்கு வந்தார். பத்து டொலர் கேட்டார். ஐந்து டொலரே கிடைத்தது. விடைபெறுமுன் ஒவ்வொரு காட்சியின் பொருளையும் அவர் எடுத்துரைக்க, ஆசிரியை அதனை எழுதி வைத்தார். அதன் பின்னரும் அப்போர்வையைப் பார்ப்பதற்கென்றே ஹரியற் பல முறை அங்கே சென்று வந்தார். பெற்ற பிள்ளையைப் பிரிந்த தாயின் நிலை அது.

எனினும், அவர் ஊசி ஓயவில்லை. பதினைந்து காட்சிகள் கொண்ட மற்றொரு போர்வை 1898இல் பிறர் கைக்குச் சென்றது. அதிலே யோபுவும் யோனாவும் மட்டுமல்லர், ஊரார் வாய்வழி வழங்கிய செய்திகளும் இடம்பெற்றன. 1780இல் பட்டப்பகல் இருண்ட நாளும், 1833இல் வானத்து எரிகற்கள் மழையெனச் சொரிந்த இரவும், 1895இன் கொடுங்குளிரும் அங்கே உள்ளன. எரிகற்கள் சொரிந்தது அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர். முதியோர் சொல்லக் கேட்டதையே அவர் தைத்தார். வரலாற்று நூலேறாத மக்களின் நினைவு இவ்வாறு துணியேறியது.

அவர் எழுத்தறியாதவர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1896இல் அவர் வரைந்த கடிதமொன்றின் படி பின்னாளில் வெளிப்பட்டபோது, அவர் வாசிக்கக் கற்றவர் என்பதும் வேறு போர்வைகளும் செய்தவர் என்பதும் தெரியவந்தன. ஏதுமறியாத கை தற்செயலாகச் செய்த விந்தையன்று அது. கேட்டும் கற்றும் சிந்தித்தும் தெரிந்தெடுத்த ஒருவரின் ஆக்கம்.

அவர் 1910இல் மறைந்தார். இன்று எஞ்சியுள்ள இரு போர்வைகளுள் ஒன்று வாஷிங்டனிலும் மற்றொன்று பொஸ்டனிலும் அரும்பொருட்சாலைகளில் உள்ளன. ஓவியர் பெயித் றிங்கோல்ட் என்பாரும் பிற்காலத்தில் இவ்வழியை நாடினார். தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிடப் பதிப்பாளர் எவரும் முன்வராதபோது, 1983 முதல் போர்வைகளிலே கதைகளை எழுதலானார்.

இவ்விருவரும் புதிய கருவி எதனையும் தேடி அலையவில்லை. எல்லார் வீட்டிலும் இருந்த ஊசியையே எடுத்தனர். ஆனால், தாம் சொல்ல விரும்பியதையே அதனாற் சொல்லத் துணிந்தனர். ஐந்து டொலருக்குப் போர்வை கைமாறியது. அதிற் பதிந்த குரலோ இன்றளவும் ஹரியற் பவர்சுக்கே உரியதாய் நிற்கிறது.