நீர் திரும்பும் வேளை

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையே கிடக்கும் சோலன்ட் என்னும் ஜலசந்தியில், பாய்மரப் படகொன்றில் நான் கழித்த ஒரு பகற்பொழுதைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

லிமிங்டன் துறையில் விடியற்காலையிலேயே நாங்கள் ஆயத்தமாகிவிட்டோம். காற்றும் வடக்கிலிருந்து இதமாக வீசியது. ஆயினும் படகுக்குரிய நண்பர் கயிற்றை அவிழ்க்காமல், ஓத அட்டவணையைப் பார்த்து, "தண்ணீர் திரும்பட்டும்" என்றார். கடல் பெருகும்போது கிழக்கு நோக்கியும் வற்றும்போது மேற்கு நோக்கியும் ஓடுகிற இந்த ஜலசந்தி, ஹர்ஸ்ட் முனையில் ஒரு மைலுக்கும் குறைவாக ஒடுங்கிவிடுவதால், அங்கே நீரோட்டம் சில நாட்களில் மணிக்கு 4 கடல் மைலையும் மிஞ்சிப் பாய்கிறது. ஏறக்குறைய அதே வேகமுடைய சிறு படகு அதை எதிர்த்தால், பாய் நிறையக் காற்றிருந்தும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

வற்றம் தொடங்கியதும் புறப்பட்டோம். எட்டாம் ஹென்றி 1544-இல் கட்டி முடித்த ஹர்ஸ்ட் கோட்டையை நெருங்கியபோது, நங்கூரமிட்ட மிதவை ஒன்று ஒருபுறம் சாய்ந்து, தன் இருபக்கமும் நுரை பொங்க, தானே பயணம் போவதுபோல் தோன்றியது. ஓடியது மிதவையன்று, எங்களைச் சுமந்து சென்ற நீரே.

அப்பால் தீவின் மேற்கு முனையில், 'ஊசிகள்' எனப் பொருள்படும் நீடில்ஸ் பாறைகள் வெண்சுண்ணச் சிகரங்களாய் எழுந்தன. அப்பெயருக்குக் காரணமான கூரிய பாறை 1764-இல் புயலில் வீழ்ந்துவிட்டது. எஞ்சிய மூன்றின் கடைக்கோடியில் 1859 முதல் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அருகே, பலநிற மணல் படிந்த குன்றுகள் சூழ்ந்த ஆலம் விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சினோம். 1897-இல் மார்க்கோனி கம்பியில்லாத் தந்தி நிலையம் அமைத்து, கடலிற் சென்ற கப்பலோடு செய்தி பரிமாறிய இடம் இதுவே. வானொலி வாயிலாக உங்களோடு பேசும் எனக்கு அது புண்ணிய க்ஷேத்திரமாகவே தோன்றியது.

பிற்பகலில் காற்று தென்மேற்குக்கு மாறியது. சிறிது நேரத்தில் நீரும் திரும்பியது. காலையில் எங்களைக் கொண்டுவந்த கடலே மாலையில் தீவிலுள்ள யார்மத் துறைக்கு எங்களைத் திருப்பி அனுப்பியது. கரையேறிப் பார்க்கையில், துறைச்சுவரின் பச்சைப் பாசியை நீர் விரல்விரலாக மறைத்துக்கொண்டிருந்தது. நண்பரோ அட்டவணையை விரித்திருந்தார். காலையில் பொறுமையிழந்திருந்த நானும், மறுநாள் நீர் திரும்பும் வேளையை அவர் அருகே அமர்ந்து குறித்துக்கொண்டேன்.