பேச்சும் மாத்திரையும்



வேலை நடக்கிறது. சமையல் நடக்கிறது. சிரிப்பு மட்டும் இல்லை. இப்படியே 2 வருடம், 5 வருடம் இருப்பவர்கள் உண்டு. "அது அவள் சுபாவம்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். இது நோய். நாள்பட்ட மனச்சோர்வு என்று பெயர். வைத்தியம் இருக்கிறது.

ஒன்று, பேச்சு. கோவாவில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களிடம் உள்ளூர்க்காரர்களே பேசினார்கள். அவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்றவர்கள். 6 முதல் 8 தடவை, வீட்டிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சந்தித்தார்கள். சோர்வால் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார்கள். அதை ஒவ்வொன்றாக மறுபடி செய்ய வைத்தார்கள். பலர் தேறினார்கள். 2017-இல் இந்த முடிவு வெளிவந்தது. வெறும் ஆறுதல் சொன்னால் இது நடக்காது.

இன்னொன்று, மாத்திரை. இது உடனே கேட்காது. 2 முதல் 4 வாரம் ஆகும். முதலில் சிலருக்கு வயிறு புரட்டும். பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது! குணம் தெரிந்த பிறகும் சில மாதம் சாப்பிட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இது தூக்க மாத்திரை இல்லை.

எது நல்லது? லேசாக, புதிதாக வந்த சோர்வுக்குப் பல சமயம் பேச்சே போதும். வருடக்கணக்கில் ஊறிய சோர்வுக்கு இரண்டும் சேர்ந்தால் நல்லது. மாத்திரை தெம்பு தரும். மாமியார் சண்டையை அது தீர்க்குமா? அதற்குப் பேச்சுதான் வேண்டும்.

பேச ஆள் இல்லையா? 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசு 2022-இல் தொடங்கியது. காசு கிடையாது. இரவிலும் எடுப்பார்கள். தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள்.