கரிநிலமும் காக்கும் சட்டமும்

(நிலப் பயன்பாடும் சூழலியல் சட்டமும் குறித்துத் திருவனந்தபுரத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குட்டநாட்டு உழவர்கள் தங்கள் வயல்களில் ஒரு வகையைக் ‘கரி’ என்று அழைக்கின்றனர். தமிழிலுள்ள அதே சொல்தான். தகழி, கருமாடி, புறக்காடு பகுதிகளில் மண் கருமையானது. தோண்டினால் மட்கிய மரத்துண்டுகள் வெளிப்படும். என்றோ புதையுண்ட காட்டின் எச்சம் அது. கடல்மட்டத்திற்கும் தாழ்ந்த இந்நிலத்தில் நீர் நிற்கும்வரை கேடில்லை. நீரை வடித்து உலரவிட்டால், மண்ணிலுள்ள கந்தகச் சேர்மங்கள் காற்றுப்பட்டு அமிலமாகின்றன. வெள்ளநீரால் கழுவியும் சுண்ணாம்பிட்டும் அம்மண்ணைப் பழக்கியவர்கள் விவசாயத் தொழிலாளர்கள்.

தாவரங்கள் நீருக்கடியில் முழுதும் மட்காமல் படிந்த கரிச்சதுப்பு நிலங்களுக்கு இக்கரிநிலம் நெருங்கிய உறவு. உலக நிலப்பரப்பில் கரிச்சதுப்புகள் சுமார் 3 விழுக்காடுதான். ஆயினும் உலகின் காடுகள் அனைத்தும் தாங்கும் மரஞ்செடிகளைவிட அதிகக் கரிமத்தை அவை தேக்கி வைத்துள்ளன. 1990களின் நடுவில் இந்தோனேசியாவின் சுகார்த்தோ அரசு, மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கப் போவதாகக் கூறிக் கால்வாய்கள் வெட்டியது. நெல் விளையவில்லை, 1997இல் நிலமே எரிந்தது. சாகுபடிக்குரிய கரிச்சதுப்பில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்று பின்னர் அங்கே விதி வகுக்கப்பட்டது. மண்ணாய்வு இல்லாமல் எந்தச் சட்டமும் இப்படிச் சென்டிமீட்டர் கணக்கில் பேச இயலாது.

கேரளத்தில் 1970களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் சாகுபடிப் பரப்பு, 2007-08இல் 2.3 லட்சத்திற்கும் கீழே சுருங்கியது. 1997இல் விவசாயத் தொழிலாளர் சங்கம் வயல் நிரப்பலை எதிர்த்துக் களமிறங்கியபோது, முதலாளித்துவப் பத்திரிகைகள் அதைப் பயிரழிப்பு என்று மட்டுமே எழுதின. அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற வி.எஸ். அச்சுதானந்தன் முதலமைச்சராக இருந்தபோது, 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மலையாளத்தில் ஈரநிலத்திற்கு வழங்கும் பெயர் ‘தண்ணீர்த்தடம்’. குளத்தைத் தடம் என்ற பழந்தமிழ் வழக்கு அங்கே அரசாணையில் உயிரோடிருக்கிறது!

இச்சட்டத்தின் உயிர்நிலை தரவு வங்கி. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகளின் பிரதிநிதிகள் கொண்ட உள்ளூர்க் குழு, வயல்களையும் ஈரநிலங்களையும் அதில் பதிகிறது. ஐயம் எழுந்தால் திருவனந்தபுரத்திலுள்ள மாநிலத் தொலையுணர்வு, சுற்றுச்சூழல் மையத்தின் செயற்கைக்கோள் படம் சான்றாகிறது. 2008க்கு முன்பே நிரப்பப்பட்டு, வங்கியில் இடம்பெறாத நிலத்தின் பயன்பாட்டைக் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ள 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. ஐந்து சென்டில் வீடுகட்டத் தவிக்கும் குடும்பத்திற்கு அது தேவையே. ஆனால் அதே வாயிலில் நில வணிகரும் காத்து நிற்கிறார். தம் நிலத்தின் எண் வங்கியில் விடுபட்டால் அவருக்குப் போதும்.

செயற்கைக்கோள் மேற்பரப்பையே காட்டும். கரியின் ஆழத்தையும் அமிலத்தையும் மண்ணைத் துளையிட்டுப் பார்ப்பவரே சொல்ல முடியும். நிரப்பிய வயலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆட்சியருக்கு 13ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. கொட்டிய செம்மண்ணை அள்ளிவிடலாம். ஆக்சிகரணமாகிப் போன கரியை எந்த ஆணையும் மீட்காது. எனவே கரிநிலங்களைத் தரவு வங்கியில் தனி வகையாகப் பதிவதும், அங்கே நிரப்பலுடன் நீர் வடித்தலையும் கட்டுப்படுத்துவதும் சட்ட ஆய்வாளர் முன்னுள்ள அவசரப் பணி. உள்ளூர்க் குழுக்களில் அமர்ந்துள்ள தோழர்களும் இதைக் கேட்டு வாதாட வேண்டும்.

ஒன்றிய அரசிடம் இதற்கு உதவி கிட்டாது. அதன் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் நெல்வயல்களை வரையறையிலிருந்தே நீக்கிவிட்டன.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் இது அயல்மாநிலக் கதையன்று. நீலகிரியின் மேட்டுச் சதுப்புகளிலும் கரி உண்டு. 20,000 ஆண்டுக் காலநிலையின் பதிவு அதில் படிந்திருப்பதாக ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். 2020ஆம் ஆண்டு காவிரி டெல்டாச் சட்டம் முதன்மையாகச் சில தொழில் திட்டங்களைத் தடுக்கிறது. வயல் மனையாவதை அறிந்து தடுக்க ஊராட்சியிடம் பட்டியலும் அதிகாரமும் தரும் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் இயற்றப்படவில்லை. மாறாக, நீர்நிலைகள் அடங்கிய அரசு நிலத்தைச் சிறப்புத் திட்டங்களுக்கு ஒருங்கிணைக்கும் சட்டம் 2023இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது.